பத்து முதல் பன்னிரண்டு வரை

உட்காருங்கள் பாலவேசம். கயிற்றுக் கட்டிலில் வேண்டாம், அது ஆளைக் குழிக்குள் இழுக்கும், நாற்காலியில் உட்காருங்கள். தாள்கள் இரண்டையும் இப்படி மேசைமேல் வையுங்கள். இது விருப்ப ஓய்வு விண்ணப்பம். இது மீண்டும் பணியில் சேரும் கடிதம். இரண்டில் ஒன்றில் நான் கையெழுத்திட வேண்டும். அது இன்று மாலை ஐந்து மணிக்குள் முதல்வரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் பேருந்து பத்து இருபதுக்கு. சரிதானே? இப்போது மணி ஒன்பது பத்து. எழுபது நிமிடம் இருக்கிறது. ஒரு பாடவேளையைவிட அதிகம்.

முதல்வர் வாய்மொழியாக என்ன சொல்லி அனுப்பினார்? தலையைச் சொறியாமல் சொல்லுங்கள். "அந்தம்மா ஏதாவது ஒண்ணுல கையெழுத்துப் போட்டுட்டாப் போதும், நான் நிம்மதியா இருப்பேன்" என்றாரா? நினைத்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவளைப் பற்றி ஒரு கல்லூரி முதல்வர் அலுவலக உதவியாளரிடம் பேசுகிற பேச்சா இது? நீங்கள் வருந்த வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை. கல்லூரியில் சொன்னதைச் சொன்னபடி சொல்லும் ஒரே மனிதர் நீங்கள்தான்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பகவல்லி மேடம் எதையும் யோசித்து வைத்திருப்பார்கள் என்றுதானே எல்லோரும் நினைக்கிறீர்கள்? யோசித்தேன். ஓராண்டு யோசித்தேன். என் கணவரிடமும் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் இல்லறம் சண்டையில்லாமல் நடப்பது அப்படித்தான்.

கடிதத்தின் கடைசி வரியைப் படித்தீர்களா? உறை ஒட்டவில்லை, நீங்கள் படித்திருப்பீர்கள். "கால அட்டவணைப் பொறுப்பு மீண்டும் தங்களிடமே ஒப்படைக்கப்படும்." பதினாறு ஆண்டுகள் அந்த அட்டவணையை நான் தயாரித்தேன், பாலவேசம். பதினொரு துறை, நாற்பத்து மூன்று வகுப்பு, முப்பத்தொரு அறை. ஒரு வகுப்பும் இன்னொரு வகுப்பும் மோதியதில்லை. இந்த முதல்வர் வந்தார், கணினி நிறுவனம் ஒன்றிலிருந்து மென்பொருள் வாங்கினார், மூன்றாம் நாளே வேதியியலும் வணிகவியலும் ஒரே அறையில் போய் நின்றன. ஆசிரியர் கூட்டத்தில் நான் சிரித்தேன். ஆம், உரக்கத்தான் சிரித்தேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். இப்போது ஓராண்டு கழித்து, "தங்களிடமே." இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஆகவே என்னை இந்தத் தாளும் இழுக்கிறது, அந்தத் தாளும் இழுக்கிறது.

அது மோட்டார் சத்தம். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இன்றைய முடிவு அதில்தான் இருக்கிறது.

இந்த ஒன்றரை ஏக்கரை வாங்கியபோது கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பங்குகளில் ஒன்று வெள்ளத்தாயுடையது, ஒன்று அந்தோணிமுத்துவுடையது. வெள்ளத்தாய்க்கு என் வயதுதான் இருக்கும். கணவன் இல்லை, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டாள். வடக்கே தெரிகிறதே, அந்த மிளகாய்த் தோட்டம் அவளுடையது. கிழக்கே அந்தோணிமுத்துவின் கத்தரி. கிணறு பொது, மோட்டார் பொது. இன்று ஒருவர், நாளை ஒருவர், மறுநாள் ஒருவர் என்று முறை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கணக்கில்? நேரமா, அளவா? ஒன்றும் கிடையாது. கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். பதினோராம் படி தண்ணீருக்கு வெளியே தெரிந்துவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். ஏன் பதினொன்று, ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. "அப்படித்தாம்மா வழக்கம்." இது என்ன முறை? இதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருப்பேனா?

வெண்டைக்கு இந்த மண்ணில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதாது. ஆகவே புரட்டாசியில் ஓர் அட்டவணை போட்டேன். எட்டு முதல் பத்து வரை வெள்ளத்தாய். பத்து முதல் பன்னிரண்டு வரை நான். மாலை இரண்டு முதல் நான்கு வரை அந்தோணிமுத்து. நாள்தோறும் எல்லோருக்கும் தண்ணீர், எல்லோருக்கும் இரண்டு மணி நேரம். நகரத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மோட்டார் அறைக் கதவில் மாட்டினேன். வெள்ளத்தாய் வந்து நின்று பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். "எம் பேரு அச்சுல வந்துருக்கு பாத்தீயளா!" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள், "டீச்சரம்மா, கெணத்துக்கு ஒரு நேரம் போடலியே?" என்று. இதற்கு என்ன பொருள்? நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அப்படி ஒரு வாய். நான் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கிறதாம். "டீச்சரம்மா பேச்சக் கேட்டா எழுந்து நிக்கணும்போல இருக்கு" என்பாள். நிற்க மாட்டாள், வரப்பில் உட்கார்ந்துகொண்டேதான் சொல்வாள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அட்டவணை அச்சுப் பிசகாமல் நடந்தது. மார்கழியிலும் நடந்தது. தை பிறந்தது, வெள்ளத்தாய்க்குச் சோம்பல் பிறந்தது. பத்து மணி வரை இறைக்க வேண்டியவள் ஒன்பது இருபதுக்கே நிறுத்திவிட்டுப் போனாள். ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. இந்தக் குறிப்பேட்டில் குறித்து வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்: ஒன்பது பதினெட்டு, ஒன்பது இருபத்திரண்டு, ஒன்பது இருபது, ஒன்பது பதினாறு. மூன்று மாதம்! கொடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை வீணடிக்கிறாள். பிறகு மிளகாய்ச் செடி வாடுகிறது என்று இலையைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். ஒருநாள் நேராகவே கேட்டேன். "வெள்ளத்தாய், உனக்குரிய நாற்பது நிமிடத்தை ஏன் விடுகிறாய்?" அதற்கு அவள், "பதினோராம் படி தெரிஞ்சிட்டுல்லா, அதுக்கு மேல இறைக்க எனக்கு மனசு வரல டீச்சரம்மா. பின்னால ஆளு இருக்கு" என்றாள்.

பின்னால் ஆள் இருக்கிறதாம். கிணற்றுக்குள் யாரோ குடியிருப்பதாக நம்புகிறார்கள் போலும். சப்தகன்னியோ, வேறு ஏதோ. நான் பகுத்தறிவுள்ளவள், ஆனால் ஒருவரின் நம்பிக்கையைக் கேலி செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. விட்டுவிட்டேன்.

என்ன பாலவேசம்? "அதில்ல மேடம், அந்தப் படி எதுக்குன்னா" என்று தொடங்காதீர்கள். நீங்களும் கிராமத்துக்காரர், உங்களுக்கும் ஒரு படி இருக்கும். நான் சொல்லி முடித்துவிடுகிறேன். குறுக்கே பேசினால் எனக்குத் தொடர்ச்சி விட்டுப்போகும்.

அந்தோணிமுத்து வேறு மாதிரி. தை மாதத்திலிருந்து ஒரே புலம்பல். "எனக்கு மூணு மணிக்கெல்லாம் சேறுதான் மேடம் வருது." அறையின் பின்வரிசையில் இருக்கிற மாணவனும் இப்படித்தான் சொல்வான், எனக்குக் கேட்கவில்லை என்று. முன்னால் வந்து உட்கார் என்பேன். எல்லோருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே இரண்டு மணி நேரம். எனக்குப் பத்து மணிக்கு நன்றாகத்தானே வருகிறது? அதோ பாருங்கள், அரை ஏக்கர் வெண்டை. இந்தப் பங்குனி வெயிலில் இலை ஒன்று வாடியிருக்கிறதா? ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறேன். சந்தையில் வாங்குகிறவர்கள் டீச்சரம்மா காய் என்றே கேட்கிறார்கள். முறையாகச் செய்தால் நிலம் ஏமாற்றாது, பாலவேசம். மனிதர்கள்தான் ஏமாற்றுவார்கள்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கேயும் என் அட்டவணையை மதிக்காத ஒருத்தி இருக்கிறாள். கல்லூரியில் மதிக்கவில்லை என்றுதானே வெளியே வந்தேன்? இங்கேயும் அதே நிலை என்றால் நான் எதற்கு இங்கே இருக்க வேண்டும்? அங்கே போய், "தங்களிடமே" என்று எழுதியவர் முன்னால் தலைநிமிர்ந்து உட்காரலாமே? போன வாரம்வரை பணியில் சேரும் தாளின் பக்கம்தான் மனம் சாய்ந்திருந்தது.

போன வியாழக்கிழமை வெள்ளத்தாய் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். "டீச்சரம்மா, அடுத்த வாரம் நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன். காலையில வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விட்டுரும்" என்றாள். ஆபீஸ்! பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைக்கிற கொட்டகைக்கு இந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்று பெயர். நான் அலுவலகத்தை விட்டு வயலுக்கு வருகிறேன், இவள் வயலை விட்டு ஆபீசுக்குப் போகிறாள்.

"தோட்டம்?" என்று கேட்டேன்.

"அந்தோணியண்ணன் வெளச்சல்ல பங்கு தாரேன்னு வாரத்துக்கு எடுத்துக்கிடுதாரு. செடி கருகிப்போச்சு டீச்சரம்மா. ரெண்டு மாசமாப் பாத்தாச்சு, கீழ்ப்பாத்திக்குத் தண்ணி எட்டல. இனிமே கெடந்து என்ன செய்ய?"

"பிறகு எப்படி எட்டும்? நாற்பது நிமிடத்தை விட்டுக்கொடுத்தவள் நீதானே? அங்கேயாவது நேரத்தை மதி" என்றேன். எனக்கு மனத்தில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாது.

சிரித்தாள். "நேரத்துக்கென்ன, அங்கன சங்கு ஊதிருவான்" என்றாள். வரப்பில் கால் வைத்தவள் திரும்பினாள். பிறகு, "அண்ணன்ட்ட நான் சொல்லியிருக்கேன், கேப்பாரோ என்னமோ. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சரம்மா. படியப் பாத்து நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். போகிற நேரத்திலும் படி! சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தோணிமுத்துவை மறுநாளே கூப்பிட்டேன். "வெள்ளத்தாயின் நேரம் இனி உங்களுடையது. படி, கன்னி என்கிற கதையெல்லாம் எனக்கு வேண்டாம். எட்டு மணிக்குப் போடுங்கள், பத்து மணிக்கு நிறுத்துங்கள். அட்டவணையில் இருப்பதை முழுமையாகச் செய்யுங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முழுசா ரெண்டு மணி நேரமும் ஓட்டட்டுமா மேடம்? பின்னால கொறை சொல்லக் கூடாது." "குறை சொல்வதா? பாராட்டுவேன்" என்றேன். "அப்பஞ்சரி. நீங்களே சொல்லிட்டீய, நான் மணியாப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நேற்றுவரை வெள்ளத்தாய் வந்தாள், நேற்றும் ஒன்பது பதினெட்டுக்கு நிறுத்தினாள். இன்று காலை வேனில் போய்விட்டாள். இன்றுதான் அந்தோணிமுத்துவின் முதல் நாள்.

இப்போது மணி என்ன? ஒன்பது முப்பத்தொன்று.

கேளுங்கள். பேசாமல் கேளுங்கள். ஓடுகிறதா? ஓடுகிறது! மூன்று மாதத்தில் இந்த நேரத்துக்கு நான் இந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை, பாலவேசம்.

நீங்கள் வருவதற்கு முன்பே எனக்குள் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது இருபதுக்கு நின்றுவிட்டால் பணியில் சேர்ந்துவிடுவது. தொடர்ந்து ஓடினால், இந்த ஊரில் ஒருவராவது என் வேலையைப் புரிந்துகொண்டார் என்று பொருள், இருந்துவிடுவது. புள்ளியியல் ஆசிரியை ஒரே ஒரு நாளை வைத்து முடிவெடுக்கலாமா என்று கேட்காதீர்கள். வகுப்பில் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன். வாழ்க்கையில் எத்தனை நாளைக்குத்தான் எண்ணிக்கொண்டே இருப்பது?

ஒன்பது நாற்பது. ஓடுகிறது.

நீங்கள் ஏன் இப்படி நெளிகிறீர்கள்? பேருந்தைத் தவற விட மாட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள். கிணற்றுப் பக்கம் என்ன பார்வை? உட்காருங்கள். "ஒரு எட்டு போய்க் கெணத்தப் பாத்துட்டு வாரேன் மேடம், அப்புறமாக் கையெழுத்துப் போடுங்க" என்கிறீர்களா? எதற்கு? கிணறு எங்கே ஓடிவிடப் போகிறது? பேனாவைக் கொடுங்கள்.

முதல்வர் இந்த விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை வாங்கிய கையோடு மேலே அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நிம்மதி வேண்டும், பெற்றுக்கொள்ளட்டும். திரும்பப் பெறுவதென்ற பேச்சே இருக்காது. இருபத்து நான்கு ஆண்டுகள். இந்த இடத்தில்தானே? இந்தப் பேனா கொஞ்சம் திக்குகிறது. செ. செம்பகவல்லி. கீழே நாள். அதன் கீழே நேரம், ஒன்பது ஐம்பது. நேரம் எழுதாத கையெழுத்தை நான் என்றும் போட்டதில்லை. பிடியுங்கள், உறையில் வையுங்கள், உறையைப் பையில் வையுங்கள். மற்றத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்தில்லாத தாள் எனக்கு வேண்டாம்.

இந்தாருங்கள், உங்கள் பேனா.

வாருங்கள், பத்து நிமிடம் இருக்கிறது. என் குழாய் வாய்வரை நடந்து வந்து, தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டுப் பேருந்துக்குப் போங்கள். கல்லூரியில் கேட்பார்கள் அல்லவா, அந்தம்மா அங்கே என்ன செய்கிறார்கள் என்று? கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். இது முதல் வரிசை. இது நாட்டு வெண்டை, இது ஒட்டு ரகம். மிதித்துவிடாதீர்கள். பிஞ்சைப் பாருங்கள், இன்று தண்ணீர் குடித்தால் நாளைக் காலை பறிக்கும் பருவம்.

பத்து! அதோ அந்தோணிமுத்து, வால்வை என் பக்கம் திருப்பிவிட்டுக் கை காட்டுகிறார். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதல்வரை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும்.

இப்போது வரும். முதலில் காற்றுத்தான் வரும். குழாய் செருமுகிறது அல்லவா, அது காற்று. இதோ. கலங்கலாக இருக்கிறது, சேற்றைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். சேற்றுக்குப் பின்னால் தண்ணீர். கொஞ்சம் பொறுங்கள். ஒரு நாளும் இப்படித் தாமதமானதில்லை. வரும்.

எங்கே ஓடுகிறீர்கள்? பாலவேசம்! யார் உங்களை மோட்டாரை நிறுத்தச் சொன்னது? இது என் நேரம்! என்னது? "வெறுங்கெணத்துல ஓடுது மேடம், மோட்டாரு காயில் கருகிரும்" என்றால்? வெறுங்கிணறா? விலகுங்கள். நான் பார்க்கிறேன்.

ஒன்பதாம் படி, பத்து, பதினொன்று. பன்னிரண்டு. பதினைந்து. பத்தொன்பது. அதற்குக் கீழே பாறை.

அந்தோணிமுத்து, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். "நீங்க சொன்ன மணிக்குத்தான் நிறுத்துனேன்" என்று சொல்லப் போகிறீர்கள். ஆம். நான் சொன்ன மணிக்குத்தான் நிறுத்தினீர்கள். குறை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போய் வேலையைப் பாருங்கள்.

எவ்வளவு நேரத்தில் ஊறும், பாலவேசம்? மாலை ஆகுமா? மாலையில் ஊறுவது அவருடைய நேரம்.

கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தக் குறிப்பேட்டைக் கொடுங்கள். ஒன்பது பதினெட்டு. இருபத்திரண்டு. இருபது. பதினாறு. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட ஒன்பது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. சோம்பேறியின் நேரம் இப்படி இருக்காது. ஒருநாள் ஒன்பதுக்கு நிற்கும், ஒருநாள் ஒன்பதே முக்காலுக்கு நிற்கும். சிதறிக் கிடக்கும். முதலாண்டு மாணவி பார்த்தாலும் சொல்லிவிடுவாள், இவள் எதையோ பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறாள் என்று.

பின்னால் ஆள் இருக்கு என்றாள். பத்து மணிக்கு அவளுக்குப் பின்னால் யார் இருந்தது? அட்டவணையில் போட்டிருக்கிறதே. நானே அச்சடித்தது.

எதற்கு இப்போது உறையைப் பிரிக்கிறீர்கள்? "இன்னும் என் பையிலதான மேடம் இருக்கு. இதக் கிழிச்சிட்டு அதுல ஒரு கையெழுத்தப் போடுங்க, நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்கிறீர்களா? உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி. உள்ளே வையுங்கள். கையெழுத்துக்குக் கீழே நேரம் எழுதியிருக்கிறேன், ஒன்பது ஐம்பது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அந்தத் தாளைச் சேராது. தண்ணீர் வராத நாளில் பின்வாங்கினேன் என்று அந்த மனிதருக்கு ஒரு நிம்மதியை நான் கொடுக்க மாட்டேன். வேறு காரணமும் இருக்கலாம். அதை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் மாலை எத்தனை மணிக்குச் சங்கு ஊதுவார்கள்? ஐந்தரைக்கா? வேன் இங்கே வந்து சேர ஆறாகும். சும்மா கேட்டேன்.

கிளம்புங்கள், உங்கள் பேருந்தின் ஹாரன் கேட்கிறது. சுற்றிப் போக வேண்டாம், வடக்கு வரப்பு வழியாகவே குறுக்கே போய்விடலாம். அவள் மிளகாய்ப் பாத்தியில் தாராளமாக மிதித்துக்கொண்டு போங்கள். கால் புதையாது. அங்கே தண்ணீர் பாய்ந்து வெகு நாளாயிற்று.